காம்பில் நிற்பது அண்ணனுக்கு

“காம்புல நிக்கிறது மகனுக்கு, காத்துல விழுறது மகளுக்கு.” அதற்கு மேல் மூன்றாவதாக ஒன்றும் சொன்னார் எங்கள் அப்பா. அதுதான் ஞாபகம் இல்லை. அந்த மூன்றாவது மட்டும் ஞாபகம் இருந்திருந்தால் நான் இன்று இந்தப் பத்திர ஆபீஸ் பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டேன், சார்.

உட்காருங்கள், ஏன் எழுந்துவிட்டீர்கள்? சர்வர் படுத்துவிட்டதாம். டோக்கன் கூப்பிட நேரம் ஆகும். உங்களுடையது என்ன, கிரயமா, அடமானமா? சரி, சரி, சொல்ல வேண்டாம். நான் என்னுடையதைச் சொல்கிறேன்.

எதிர்ப் பெஞ்சில், ஃபேனுக்கு நேர் கீழே, கத்திரிப்பூ நிறத்தில் சேலை, மடியில் தூக்குவாளி. அதுதான் ஜெயக்கொடி. என் தங்கச்சி. திரும்பிப் பார்க்காதீர்கள். அவளுக்குக் காது ரொம்பக் கூர்மை. எங்கள் தோப்பில் ஒரு பிஞ்சு விழுந்தால் தெருவில் இருந்தே எந்த மரம் என்று சொல்லிவிடுவாள். மிகை இல்லை. சரி, கொஞ்சம் மிகை.

நான் சோலைராஜ். நத்தம் பக்கம் மாந்தோப்பு. கல்லாமையும் செந்தூரமும். ஆனால் நான் விவசாயி இல்லை. என் ஆயுளில் பாதி தோஹாவில் போனது. கட்டடம் கட்டுகிற இடத்தில் சாரம் போடுவார்கள் அல்லவா, அதில் ஏறுகிற ஆள் விழக்கூடாது, அவன் கையில் இருக்கிற சுத்தியலும் விழக்கூடாது. அதைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். பாதுகாப்பு அதிகாரி. படித்தது இரண்டு மொழி, ஆனால் ‘விழாதே’ என்கிற ஒரு சொல்லை மட்டும் ஏழெட்டு மொழியில் சொல்லுவேன். நேபாளி, வங்காளி, எகிப்துக்காரன், எல்லாரும் என்னைக் கண்டால் இடுப்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். என் பார்வையில் ஒரு ஆள் விழுந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, இனி வரப்போகிற கதைக்கு அது வேண்டும்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிரித்துவிட்டார். பிரித்தார் என்றால், எனக்குக் கொடுத்தார். ஜெயா தன் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். இதே ஆபீசில்தான். இதே பெஞ்சு என்றுகூடச் சொல்லலாம், அந்த உடைந்த கைப்பிடி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு நிலத்தில் அவ்வளவு நாட்டம் கிடையாது. கேட்டதும் போட்டுவிட்டாள். பேனா எழுதவில்லை என்று இரண்டு தடவை உதறினாள், அவ்வளவுதான்.

அன்று மதியம் தோப்பில், கிணற்றடிக் கல்லாமை மரத்துக்குக் கீழே கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சொந்தக்காரர்கள் முன்னால் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். மரமும் மரத்தில் நிற்பதும் எனக்கு. தானாக விழுவது ஜெயாவுக்கு. உலுக்கக்கூடாது, கல் எறியக்கூடாது, தொரட்டி போடக்கூடாது. காற்று கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதைச் சொல்லும்போது நான் விமான டிக்கெட்டில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் போய்விட்டேன். வருஷா வருஷம் வியாபாரி வருவான், பூவிலேயே விலை பேசி எடுத்துக்கொள்வான். ஜெயா மாசி பிறந்தால் மரத்தடியில் பழைய சேலைகளை விரிப்பாள். முதலில் கொட்டுகிற பொடிப் பிஞ்சு உப்பில் போய் வடுவாகும். எலுமிச்சை அளவு ஊறுகாய். அதற்கும் மேலே வளர்ந்து விழுந்தால் கீறிக் காய வைத்து வத்தல். கூட ஒத்தாசைக்கு இரண்டு பெண்கள். நத்தம் சந்தையில் விற்பாள், மதுரையில் நாலைந்து மெஸ்ஸுக்கு அவள் ஊறுகாய்தான். அவள் வீட்டுக்காரர் முதுகுவலியில் படுத்த பிறகு அந்தக் குடும்பமே இந்தச் சேலை விரிப்பில்தான் ஓடியது என்று பாமா சொல்வாள். பாமா என் மனைவி, மதுரையில் டீச்சர். டீச்சர்கள் எதையும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் சொல்வார்கள்.

போன வருஷக் கடைசியில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். மாசி பிறந்தது. ஒரு நாள் காலையில் தோப்புக்குள் போகிறேன். பொட்டு. பொட்டு. பொட்டு. காற்றுகூட இல்லை சார். பட்டாணி அளவில் பிஞ்சு, மரம் முழுக்க. தானாக விழுகிறது. நான் சட்டென்று தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டேன். பழக்கதோஷம். அந்தச் சத்தத்துக்கு அடியில் ஜெயா காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்து சிரிக்கிறாள்.

“அண்ணே, இன்னைக்கு நல்லாக் கொட்டுது!”

தோஹாவில் இப்படி ஒருத்தன் சொல்லியிருந்தால் அன்றைக்கே விமானம் ஏற்றியிருப்போம்.

அன்று முழுக்கக் காதில் அதே சத்தம். கண்ணை மூடினால் பொட்டு. நேராக உரக்கடை நசீரிடம் போனேன்.

“நசீர், விழாம இருக்கறதுக்கு ஏதாச்சும் இருக்கா?”

“உங்களுக்கா, மரத்துக்கா?”

அவன் அப்படித்தான், எப்போதும் விளையாட்டு. அப்புறம் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்தான். வளர்ச்சி ஊக்கி. அதன் வேலையை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், உங்களுக்கும் சொல்கிறேன். பிஞ்சு காற்றில் விழுவதில்லை, சார். காற்று கடைசியில் வந்து பேர் வாங்குகிறது. மரமே தன்னால் இத்தனையைத் தாங்க முடியாது என்று காம்பு சேருகிற இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுகிறது. அந்தக் கோட்டில் அறுந்து விழுகிறது. தன் பிள்ளைக்குத் தானே கத்தி வைக்கிறது மரம். இந்த மருந்து போய், ‘இரு, இப்போ வேண்டாம்’ என்று சொல்கிறது. பட்டாணி அளவில் ஒரு தடவை, கோலிக்குண்டு அளவில் ஒரு தடவை. அவ்வளவுதான், பிஞ்சு நிற்கும்.

“ஆனா ஒண்ணு,” என்றான் நசீர். “ஒரு டேங்குக்கு ஒரு மூடி. ஒரு மூடிதான். கூடுதலா ஊத்தினீங்கன்னா இதே மருந்து மொத்தத்தையும் உதிர்த்து விட்டுரும். பிடிச்சு நிறுத்துறதும் இதுதான், தள்ளி விடுறதும் இதுதான். மாமியார் மாதிரி.”

மருந்தடித்த அன்று நான் முறைப்படி செய்தேன். ஹெல்மெட், கண்ணாடி, முகமூடி, ரப்பர் பூட்ஸ். தோப்பைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டினேன். ‘அனுமதியின்றி உள்ளே வராதீர்’ என்று இரண்டு மொழியிலும் பலகை. ஜெயா நாடாவுக்கு வெளியே நின்று பார்த்தாள்.

“என்னண்ணே, நிலாவுக்கா போறே? போனா வரும்போது ரெண்டு படி உப்பு வாங்கிட்டு வா.”

விஷயத்தைச் சொன்னேன். நல்ல செய்தியாகத்தான் சொன்னேன், சார். இனிமேல் பாதிக்கு மேல் விழாது ஜெயா என்றேன். அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் நாடாவைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தாள், விரித்திருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். நாலு மூலையும் சேர்த்து, தட்டித் தட்டி. என்ன நேர்த்தியாக மடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லா மரத்துக்கும் ஒரு மூடிக் கணக்குதான். அந்தக் கிணற்றடிக் கல்லாமைக்கு மட்டும் நாலு மூடி. ஏன் என்றால், சாரத்துக்கு ஒரு விதி உண்டு: எவ்வளவு எடை ஏறுமோ அதைப் போல நாலு மடங்கு தாங்கும்படி கட்ட வேண்டும். பாதுகாப்புக் கணக்கு. பெரிய மரம், அப்பா உட்கார்ந்த மரம், அதற்கு மட்டுமாவது உலகத் தரத்தில் செய்வோம் என்று நினைத்தேன்.

மருந்து வேலை செய்தது சார்! தோப்பு அமைதியாகிவிட்டது. காற்று வந்தது, சருகுதான் விழுந்தது. நான் மரத்துக்கு மரம் போய் நின்று காது கொடுத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. என் உத்தியோகத்தில் அவ்வளவு நிம்மதியான ஒரு வாரம் இருந்ததில்லை.

கிணற்றடி மரம் மட்டும் கொட்டியது. சாதாரணமாக இல்லை. இருந்த பிஞ்சு அத்தனையும் மழை மாதிரி கொட்டி, மரம் மொட்டையாக நின்றது. ஜெயா அந்த மரத்தடியில் மட்டும் சேலையை விரித்தாள். விரித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பாத்தியாண்ணே? அப்பா உக்காந்த மரம், அப்பா பேச்சைக் கேக்குது.”

மறுநாள் அதற்கு மஞ்சள் துணி கட்டிவிட்டாள். சூடம் வேறு. ஊரில் இருந்து இரண்டு பேர் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நாலு மூடிப் பேச்சை நான் எடுக்கவில்லை. எல்லா நேரத்திலும் எல்லாரிடமும் அறிவியல் பேச முடியுமா?

ஒரு மரத்து வடு எத்தனை நாளைக்கு? மெஸ்காரர்கள் போன் மேல் போன். ஜெயா போய் வெள்ளைச்சாமி மாமாவைக் கூட்டி வந்தாள். எங்கள் அம்மா கூடப் பிறந்தவர். இரண்டு பக்கத்துக்கும் பொது. எங்கே பஞ்சாயத்து என்றாலும் முதலில் சாப்பாடு என்ன என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

“மாமா, எனக்குள்ளதை இவன் மரத்துலயே கட்டிப் போட்டுட்டான்,” என்றாள் ஜெயா.

“விழவே இல்லையே தாயி. விழாதது எப்படி உன்னதாகும்?”

“விழப்போனது மாமா! காம்பை விட்டுட்டு கிளம்பிருச்சு. இவன் மருந்தை அடிச்சு ஒட்ட வச்சுட்டான். பஸ்ஸுக்குக் கிளம்புனவளை வாசல்ல மறிச்சு நிறுத்துன மாதிரி.”

“ஏப்பா, அப்படியா நிறுத்துனே?”

நான் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். காம்பு, கோடு, பிஞ்சு. மாமா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதாலேயே விசிறிக்கொண்டார்.

“அப்பா மூணாவதா என்ன சொன்னாரு? காத்துக்குக் காவல் போடக்கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?” என்றாள் ஜெயா.

பார்த்தீர்களா சார்! எங்கள் அப்பா எதுகை மோனையோடு பேசுகிற ஆளே கிடையாது. இவள் சந்தையில் ஊறுகாய் விற்றுப் பழகியவள், வார்த்தை அடுக்கத் தெரியும். நான் மாமாவைப் பார்த்தேன்.

“எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே. ‘ரெண்டும் சண்டை போட்டா மொத்தமும் குரங்குக்கு’ன்னு சொன்ன மாதிரில்ல இருக்கு?”

உள்ளே இருந்து பாமா எட்டிப் பார்த்தாள். “மூணாவதா உங்கப்பா காபி கேட்டாங்க. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்.”

பஞ்சாயத்து அதோடு முடிந்திருக்க வேண்டும். ஜெயா எழுந்து, முந்தானையை உதறி, ஒரு வார்த்தை சொன்னாள். ஆவணியில் அவள் மகள் கயல்விழிக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். மாலை என் கையில் இருந்துதான் போக வேண்டும், அதுதான் முறை. அந்தப் பிள்ளை பிறந்தபோது நான் லீவு கிடைக்காமல் தோஹாவில் இருந்தேன். காது குத்துக்கும் இல்லை. பெரியவளான சடங்குக்கும் பணம்தான் அனுப்பினேன், ஆள் போகவில்லை. இந்த ஒன்றுக்காவது மணவறை பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நான் மனசுக்குள் வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

“நீ மாலை எடுத்துக்கிட்டு வராதே,” என்றாள். “கேக்குறவங்ககிட்ட அண்ணன் இன்னும் தோஹாவுலதான் இருக்கான்னு சொல்லிக்கிறேன். இத்தனை வருசம் சொல்லிச் சொல்லி வாய்க்கு நல்லாப் பழகிருச்சு.”

என்ன வாய் பாருங்கள்.

நான் கோபக்காரன் இல்லை. யோசிக்கிறவன். ஒரு கூடை நிறைய நல்ல காயாகப் பறித்து அவள் வீட்டுக்கே கொண்டுபோனேன். அடிபடாத காய், அளவெடுத்த மாதிரி. திருப்பி அனுப்பிவிட்டாள். “பறிச்சது வேணாம். விழுந்ததைக் குடு.” ஊறுகாய் போடுகிறவளுக்கு எது தரம் என்றே தெரியவில்லை என்றால் என்ன செய்வது? பறித்ததில் என்ன குறை என்று பாமாவிடம் கேட்டேன். “பறிச்சது நீங்க குடுக்கறது. விழுந்தது அவளோடது,” என்றாள். இரண்டும் ஒரே மாங்காய்தானே சார்?

சரி, விழுந்ததுதானே வேண்டும், விழுந்ததாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். மறுநாள் விடியும்போதே தோப்புக்குப் போய், ஏணி போட்டு, கத்திரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கி, கிணற்றடி மரத்தின் கீழ் விரித்திருந்த சேலையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போட்டு வைத்தேன். இயற்கையாக இருக்க வேண்டும் அல்லவா? சிலதை உருட்டிவிட்டேன். இரண்டு சருகும் தூவினேன். யோசித்துப் பாருங்கள், வாழ்க்கை முழுக்க எதுவும் விழாமல் காத்தவன், குனிந்து மாங்காயை விழ வைத்துக்கொண்டிருக்கிறேன். ஹெல்மெட் போட்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

ஜெயா வந்தாள். ஒன்றை எடுத்தாள், காம்பைப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினாள். காம்பில் பால் வடிந்துகொண்டிருந்தது. தானாக விழுந்த பிஞ்சில் அந்தக் கோடு ஏற்கனவே ஆறிப்போயிருக்கும், பால் வராது. நான்தான் மாமாவுக்குப் படம் போட்டு விளக்கினேன்! எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

“ஏண்ணே, காத்து கத்திரிக்கோல் வச்சிருந்துச்சோ?”

கூட இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி பொத்தக்கூட இல்லை. “காத்துக்கு மொட்டை மரமும் தெரியலை போல. ஒரு பிஞ்சு இல்லாத மரத்துலருந்து இம்புட்டையும் போட்டிருக்கு,” என்றாள். ஆமாம் சார். மொட்டையாக நின்ற மரத்தின் கீழ்தான் போட்டிருந்தேன். சேலை அங்கேதானே இருந்தது?

அன்றைக்குக் கிண்டலாவது செய்தாளே, இனி ஜெயா பேசுவாள் என்று நினைத்தேன். பேசவில்லை. கல்யாணப் பத்திரிகை அடித்து வந்தது. ஊருக்கெல்லாம் கொடுத்தாள், எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மாமாவிடம் வாங்கிப் பார்த்தேன். தாய்மாமன் என்கிற இடத்தில் என் பேரைப் போட்டிருந்தாள். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தோஹா.

இதற்கிடையில் மரங்கள் வேறு. விழ வேண்டியது விழாமல் அத்தனையும் நின்றதா, கொப்புகள் எல்லாம் தரையைத் தொடப் பார்த்தன. நான் விடுவேனா? இரும்புப் பைப் வாங்கி மரத்துக்கு மரம் சாரம் கட்டினேன். ஒவ்வொன்றிலும் பச்சை அட்டை தொங்கவிட்டேன், ‘சோதிக்கப்பட்டது’ என்று. வியாபாரி வந்து பார்த்தான். “என்ன சார், தோப்பா ஆஸ்பத்திரியா? எல்லா மரத்துக்கும் மாவுக்கட்டு?” என்றான். காய் எல்லாம் சின்னதாக இருக்கிறது, கூட்டம் ஜாஸ்தியானால் எல்லாருக்கும் அரை வயிறுதான் என்றான். வியாபாரி அப்படித்தான் சொல்வான். அவன் தொழில் அது.

அடுத்த மாசியில் அடிக்காமல் விட்டுவிடு, தீர்ந்தது என்றார் மாமா. முடியுமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஒரு மதியம் தனியாக மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். கண்ணெதிரே ஒன்று விழும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க என்னால் முடியாது, சார். அது என் பிறவிக் குணமாகிவிட்டது. மரம் என் பேரில் இருக்கிற வரைக்கும் நான் அடிப்பேன். அப்படியென்றால் மரம் என் பேரில் இருக்கக்கூடாது. எவ்வளவு எளிமையான கணக்கு பாருங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன்.

மாமாவிடம் சொல்லி அனுப்பினேன். மாற்றிக்கொள்வோம். காம்பில் நிற்பது அவளுக்கு, காற்றில் விழுவது எனக்கு. ஐந்து வருஷம் குத்தகை. பாமாவிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். “நீங்க அங்க ஹெல்மெட் போட்டுக்கிட்டு நிக்கிறதை விட எதுவும் தேவலை,” என்றாள்.

ஜெயா மாமாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லி அனுப்பினாள். “எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.”

பத்திரம் எழுதுகிறவர்தான் திணறிவிட்டார். “குத்தகைக்கு ஈடா என்ன சார் போட?” என்றார். “விழுறது,” என்றேன். “எது விழுறது?” “மாங்காய்.” பேனாவை மூடி வைத்துவிட்டார். “சார், விழுறதுக்கு சர்வே நம்பர் கிடையாது. ஏதாச்சும் ஒரு தொகையைச் சொல்லுங்க, போடுறேன். விழுறதை நீங்க அண்ணன் தங்கச்சி வாயால பேசிக்கங்க.” அப்படியே எழுதியிருக்கிறது. விழுவது எனக்கு என்பதற்கு எந்தக் காகிதமும் இல்லை. ஜெயாவின் வாய்ச்சொல்தான்.

விழுவதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? வடு போடுவேன். உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று நேற்று மாமா மூலம் கேட்டு அனுப்பினேன். “அஞ்சு கிலோவுக்கு ஒரு கிலோ” என்று பதில் வந்தது. உண்மையான அளவா, இல்லை அண்ணன் ஜாடியில் புழு வைக்கட்டும் என்று சொல்லிவிட்டாளா, எனக்கு எப்படித் தெரியும்? பாமாவுக்கும் தெரியவில்லை. ஜாடியைத் திறந்தால்தான் தெரியும்.

ஐயோ, எழுந்துவிட்டாள். இங்கேதான் வருகிறாள். பேச்சை மாற்றுங்கள். ஆக, உங்கள் பத்திரத்தில் வில்லங்கம் ஒன்றும் இல்லையே?

“என்னம்மா?”

“உள்ள கூப்பிட நேரமாகும் போல. எலுமிச்சம்பழச் சோறு இருக்கு. அந்த அண்ணனுக்கும் குடு, பாவம், காலையிலருந்து உன் பேச்சைக் கேட்டுக்கிட்டிருக்காரு.”

“வை.”

“கயலுக்கு ரோசாப்பூ ஆகாது, தும்மும். மாலையைச் சம்பங்கியில கட்டச் சொல்லு.”

“ம்.”

“அப்புறம் அந்த மருந்து. அது பேரென்ன? ஒரு டேங்குக்கு எம்புட்டு ஊத்தணும்?”

“எதுக்கு?”

“எதுக்கா? இனிமே மரத்துல நிக்கிறது என்னோடதுல்ல? விழ விட்டுட்டுச் சும்மா இருப்பாங்களாக்கும்?”

“இரு, உள்ள போறதுக்குள்ள சொல்றேன்.”

போய்விட்டாள். கேட்டீர்களா, சார்? மஞ்சள் துணி கட்டிச் சூடம் காட்டியவள்! காத்துக்குக் காவல் போடக்கூடாது என்றவள்!

சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ள வடு இருக்கிறது பாருங்கள், அவள் போட்டது. கிணற்றடி மரத்தது என்று நினைக்கிறேன். நல்லாத்தான் இருக்கிறது. உப்பு சரியாக இருக்கிறது, இல்லை?

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். ஒரு மூடி என்று சொன்னால் பிஞ்சு நிற்கும், தரை காய்ந்து கிடக்கும், நான் காலி ஜாடியோடு மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். நாலு மூடி என்று சொன்னால் மொத்தத் தோப்பும் ஒரே வாரத்தில் என் சேலையில். அவளுக்குத் தெரியவே தெரியாது. அப்பா பேச்சை எல்லா மரமும் கேட்க ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, மரத்துக்கு மரம் மஞ்சள் துணி கட்டுவாள். நாலு மூடியில் என்ன நடக்கும் என்பது இந்த உலகத்தில் எனக்கும் நசீருக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும்.

டோக்கன் கூப்பிடுகிறார்கள். எங்களுடையதுதான். அதோ, அவளும் எழுந்துவிட்டாள், பேனாவை உதறிப் பார்க்கிறாள்.

வருகிறேன் சார். ஒரு டேங்குக்கு ஒரு மூடி என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடப் போகிறேன்.